நைனாவின் இடது கால்

எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஒரே தொழில் நொண்டுவதுதான். கேலிக்குச் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூருக்கும் எர்ணாவூருக்கும் நடுவில் எங்கள் வீடு. தெருவில் பாதிப் பேர் எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்வந்தார்கள். என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் ஒரு கம்பெனியில் அவருக்கு முப்பது வருஷ சர்வீஸ்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ரிடையர் ஆவதற்கு முன்பே ஒரு தொழிலாளிக்கு உடம்பு முடியாமல் போய், மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து, இவர் இனிமேல் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த வேலை அவர் மகனுக்குப் போகும். ஐம்பத்தெட்டில் ரிடையர்மெண்ட். ஐம்பத்தேழு முடிவதற்குள் எழுதி வாங்கிவிட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் கிடையாது. இதை எங்கள் பக்கம் 'அன்ஃபிட் வாங்குறது' என்பார்கள். பெண்ணுக்குக் கல்யாணம், பேரனுக்குக் காது குத்து என்கிற மாதிரி, ஐம்பத்தைந்து வயதானால் அன்ஃபிட் என்பது வீட்டில் நடக்க வேண்டிய ஒரு காரியம். செவிடு என்று எழுதி வாங்கியவர் அடுத்த தெருவில் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டுக் குடத்தோடு ஓடுவார். கண் தெரியாது என்று வாங்கியவர் கேரம் போர்டில் சிவப்புக் காயினை ஒரே அடியில் போடுவார். யாரும் அவர்களைத் தப்பாக நினைத்ததில்லை. பிள்ளைக்கு வேலை வாங்கிக் கொடுத்த நல்ல அப்பன்கள் என்றுதான் பேர்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு, காண்ட்ராக்டில் கூப்பிட்டால் போவது, கூப்பிடாவிட்டால் டீக்கடையில் உட்காருவது என்று இருந்தேன். தண்டையார்பேட்டையில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பையனுக்கு பர்மனெண்ட் ஆகட்டும், அப்புறம் பேசலாம் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நைனாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய வயதுதான் தெரியும். ஐம்பத்தைந்தரை. இன்னும் ஒன்றரை வருஷம்.

நைனாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை போட்டுக்கொள்வார், பீடியும் குடிப்பார். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ. ஒருநாள் வேலை விட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"இன்னான்னு தெரியலடா, நாலு கடை தாண்டி நடந்தா எடது கெண்டைக்கால் புடிச்சிக்குது. கொஞ்ச நேரம் நின்னா வுட்டுடுது. மறுபடி நடந்தா மறுபடி புடிச்சிக்குது."

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு பொங்கி வந்தது. நாங்கள் கேட்காமலேயே மனுஷன் ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். அம்மா என் காதில், "உனக்கோசரம்தாண்டா. வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு, செய்வாரு" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

அந்த வலி நிஜமாக இருக்கலாம் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்கள் தெருவில் அந்த வயதில் வரும் வலி எதுவுமே நிஜமாக இருந்ததில்லை.

இந்தக் காரியத்துக்கென்று தெருவில் ஒருத்தர் இருந்தார். முதுகுக்காரர் என்று பேர். முதுகெலும்பு தேய்ந்துபோய்விட்டது என்று அன்ஃபிட் வாங்கியவர். அவரே கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து இரண்டாவது மாடிக்கு ஏற்றுவார். யார் அன்ஃபிட்டுக்குப் போனாலும் முதலில் அவரிடம்தான் போவார்கள். நான் நைனாவைக் கூட்டிப்போனேன். நைனா வலியைச் சொன்னார். முதுகுக்காரர் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா மாமு நீ. நடந்தா வலிக்குது, நின்னா போயிடுதுன்னு சொன்னா டாக்டரு வாயால சிரிக்க மாட்டான். நிக்கசொல்ல போற வலியெல்லாம் ஒரு வலியா? அங்க உன்ன நிக்கவெச்சுத்தான பாப்பான்? முட்டின்னு சொல்லு. எந்நேரமும் வலின்னு சொல்லு. குந்தினாலும் வலி, படுத்தாலும் வலி."

"முட்டில ஒண்ணியும் இல்லியே" என்றார் நைனா.

"அது எனுக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியக்கூடாது."

எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது. அதோடு இன்னும் இரண்டு சொன்னார். சர்க்கரை மாத்திரையை இன்றோடு நிறுத்த வேண்டும். முட்டி வலியைக் காகிதத்தில் காட்ட முடியாது, சர்க்கரையையும் கொலஸ்ட்ராலையும் காட்டலாம். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் பயந்துபோக வேண்டும். அதற்கு நன்றாகத் தின்ன வேண்டும்.

அம்மா அன்றைக்கே மாத்திரை அட்டையை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் பின்னும் அப்படிச் சாப்பாடு நடந்ததில்லை. ராயபுரத்திலிருந்து பாயா வரும். டோல்கேட்டிலிருந்து பரோட்டாவும் மூளை வறுவலும் வரும். கறி வாங்கும்போது அம்மா கொழுப்பைத் தனியாகக் கேட்டு வாங்குவாள். சாப்பிட்டு முடித்ததும் ஜிலேபி. முதல் மாதம் நைனாவுக்குக் கொண்டாட்டம். பத்து வருஷமாகக் கேழ்வரகுக் களியைப் பார்த்து முறைத்த மனுஷன். இரண்டாவது மாதம் தட்டைத் தள்ளி வைத்து, "கொஞ்சம் கஞ்சி காச்சிக் குடும்மே" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் முடியாது என்று தலையாட்டினேன். ஜிலேபியை நானே பிட்டு அவர் வாயில் வைத்தேன். பார்த்தவர்கள் என்ன பாசமான பிள்ளை என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு குடம் தண்ணீர் குடித்தார். அரைமணிக்கு ஒருதரம் ஒன்றுக்குப் போனார். கன்னம் ஒட்டிப்போனது. காரியம் நல்லபடியாக நடக்கிறது என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

சாயங்காலங்களில் மொட்டை மாடியில் பயிற்சி. நான் டாக்டர், அவர் நோயாளி. அம்மா துணி எடுக்க வந்தவள் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். நடக்கச் சொன்னால் முதல் சில தடவை போகவர நன்றாக நடப்பார். நொண்ட மறந்துவிடுவார். எனக்குக் கோபம் வரும். கையில் தோசைக் கரண்டி வைத்திருந்தேன். சரியாக நொண்டாவிட்டால் முட்டியில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவேன். லேசாகத்தான். ஆனாலும் அப்பனை அடித்தேன் என்பதுதான் உண்மை. ஏழெட்டு முறை போய்வந்த பிறகு அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். முகம் கோணிப்போகும். நெற்றியில் வியர்க்கும்.

"ஆங்! இப்ப சோக்கா வருது. இதையே மொதல்லேர்ந்து பண்ணு" என்று கைதட்டுவேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "இது அது இல்லடா" என்றார் ஒருநாள். எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. மறுபடியும் நடக்கச் சொன்னேன்.

ஹைரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் வீடு பத்து நிமிஷ நடை. நைனாவுக்கு அரைமணி ஆகத் தொடங்கியது. ஒருநாள் டீக்கடை பெஞ்சிலிருந்து அவர் வருவதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சைக்கிள் கடை தாண்டினார், நின்றார். ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரை ரொம்ப நேரம் பார்த்தார். மறுபடி நடந்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு சாவுப் போஸ்டர். அதையும் நின்று படித்தார். செத்தவர் எங்களுக்கு யாருமில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோஸ்திடம், "பாத்தியா, ஆளே இல்லாத எடத்துலயும் எங்க நைனா ப்ராக்டீஸ் வுட மாட்டாரு" என்றேன். அவன் விசில் அடித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நடிக்கிறவன் நாலு பேர் பார்க்கும்படி நொண்டுவான். என் நைனா நிற்பதை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று போஸ்டர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு முட்டாளுக்குக்கூட அந்த வித்தியாசம் தெரிந்திருக்கும். பர்மனெண்ட் வேலை வேண்டும் என்ற ஒரே நினைப்பில் இருந்த எனக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டாம் என்று இருந்தேனோ என்றுகூட இப்போது சந்தேகம்.

டாக்டர்கள் உட்காரும் நாள் இரண்டு முறை தள்ளிப்போனது. ஒருமுறை ஒரு டாக்டருக்கு மாற்றல், இன்னொரு முறை கம்பெனியில் ஸ்டிரைக். ஒவ்வொரு முறை தள்ளிப்போகும்போதும் முதுகுக்காரர், "அதுவரிக்கும் அப்டியே மெயிண்டெய்ன் பண்ணு" என்பார். மெயிண்டெய்ன் பண்ணினோம். மாத்திரை இல்லாமல் ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் நைனாவுக்கு இரண்டு கடை தூரம்கூடத் தாங்கவில்லை.

கடைசியில் கூப்பிட்டார்கள். கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்கிற சாக்கில் நானும் உள்ளே போனேன். மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் வயதானவர், சாவகாசமாகப் பேசினார். முட்டியை மடக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முட்டி நல்லா இருக்கே" என்றார். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து, "சர்க்கரை இவ்ளோ இருக்கு, கொலஸ்ட்ராலும் ஏறிக் கிடக்கு, மாத்திரை சாப்பிட மாட்டீங்களா?" என்று கடிந்துகொண்டார். அதற்காக அன்ஃபிட் கொடுக்க முடியாது, மாத்திரை போட்டால் குறையும் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். ரிப்போர்ட்டைக் கீழே வைத்த பெரியவருக்கு என்ன தோன்றியதோ, நைனாவின் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டார்.

"நடந்தா வலி வந்து, நின்னா போயிடுதா?"

நைனாவின் முகம் அப்படியே மலர்ந்தது. எட்டு மாதமாக அவர் சொல்லிக்கொண்டிருந்ததை முதல்முறையாக ஒருத்தர் அவரிடமே சொல்கிறார். வாயைத் திறந்தார். திறந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணை உருட்டினேன்.

"இல்ல சார். எந்நேரமும் வலிதான். குந்தினாலும் வலி, படுத்தாலும் வலி."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "படுத்திருக்கிறப்போ முட்டி வலிக்கிறவர் நாற்காலியிலேர்ந்து இவ்ளோ சுளுவா எழுந்திருக்க மாட்டார். உங்க தெருவுல எல்லாருக்கும் யார் சொல்லித் தர்றாங்க?" என்றார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லவில்லை. ஃபிட் என்று எழுதினார்கள்.

வீட்டுக்கு வந்து நான் பேசியதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. "ஒரு நொண்டு நொண்டத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு அப்பனா? தெருவுல அவனவன் அப்பன் இன்னா இன்னா பண்ணிக் குடுக்கறான்" என்று கத்தினேன். இது அவர் காது கேட்க. அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாப்பாடு போட்டபோது கொழுப்பில்லாத ரசம் சோறு. அதைக் கும்பிட்டுச் சாப்பிட்டார்.

மாத்திரையை மறுபடி கொடுக்கலாமா என்று அம்மா கேட்டாள். ஐம்பத்தேழு முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, இன்னொரு தடவை மனு போடலாம் என்று முதுகுக்காரர் சொல்லியிருந்தார். வேண்டாம் என்றேன்.

நைனா மறுபடி வேலைக்குப் போனார். கம்பெனியில் அந்த மாதம் புது ஷூ கொடுத்தார்கள். முன்பக்கம் இரும்புத் தகடு வைத்த ஷூ. அது இடது சுண்டுவிரலைக் கடித்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. சாக்ஸ் துவைக்க எடுத்த அம்மாதான் ரத்தக் கறையைப் பார்த்தாள். "இது கூடவா தெரியல?" என்று திட்டிக்கொண்டே மஞ்சளை அரைத்துப் பூசினாள். ஆறவில்லை. மூன்று வாரத்தில் விரல் கறுத்துவிட்டது.

அந்தக் கறுத்த விரலைப் பார்த்ததும் என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? ஐயோ என்று வரவில்லை. இது போதுமா என்று வந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் சொல்கிறேன்.

டாக்டரிடம் போகவில்லை. முதுகுக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் கத்திரிக்காய் வாங்குகிறவர் மாதிரி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்தாது. விரலுக்கெல்லாம் லீவுதான் குடுப்பான். இன்னும் கொஞ்சம் முத்தட்டும்."

எட்டு நாள் முத்தவிட்டோம். ஒன்பதாம் நாள் ஜுரம். வீட்டுக்குள் நாற்றத்தில் நிற்க முடியவில்லை. ஆட்டோ வைத்து அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. வந்ததும் காலைத்தான் தொட்டாள். பாதத்தின் மேலே இரண்டு விரலை வைத்து ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு கணுக்காலில், பிறகு முட்டிக்குப் பின்னால். அப்புறம் என் கையை இழுத்து நைனாவின் இரண்டு கால்களிலும் வைத்தாள். இடது கால் சில்லென்று இருந்தது. கீழ்ப்பக்கம் முழுக்க முடியே இல்லாமல் பளபளப்பாக இருந்தது. இருபத்தேழு வருஷத்தில் என் அப்பாவின் காலை நான் அப்போதுதான் தொட்டுப் பார்த்தேன்.

"உள்ள ரத்த ஓட்டமே இல்ல. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து குழாயை அடைச்சிருக்கு. பீடி வேற. இது ஒருநாள்ல வர்றதில்ல. நடக்கறப்போ கெண்டைக்கால் பிடிச்சுக்கும், நின்னா விட்டுடும். மாசக்கணக்கா இருந்திருக்குமே, சொல்லவே இல்லியா?"

"இல்லீங்க" என்றேன்.

"மாத்திரை?"

"ஒழுங்கா போட்டுகினுதாங்க இருக்காரு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. எழுதிக்கொண்டாள்.

ஊசி மருந்தில் நாலைந்து நாளில் ஜுரம் இறங்கியது. அன்று மத்தியானம் டாக்டரம்மா கட்டிலுக்குக் கால்மாட்டில் நின்று என்னிடம் பேசினாள். நைனா கண்ணை மூடிப் படுத்திருந்தார். அம்மா சாப்பாட்டுக் கூடையோடு வெளியே போயிருந்தாள். செத்துப்போன விரலை மட்டும் எடுத்துவிட்டு, அடைப்புக்கு மேலேயிருந்து கீழே வரை வேறு குழாய் வைத்து ரத்தத்துக்கு வழி செய்து பார்க்கலாம் என்றாள். ஆபரேஷன் தேதி கிடைக்க ஒரு மாதம் ஆகலாம், அப்புறமும் இரண்டு மாதம் படுக்கை. "கால் நிக்கறதுக்கு நல்ல சான்ஸ் இருக்கு. நான் இதைத்தான் சொல்லுவேன்" என்றாள். முடியாது என்று நாங்கள் நினைத்தால் முட்டிக்குக் கீழே எடுத்துவிடலாம், அது இந்த வாரமே நடக்கும். வீட்டில் கலந்து பேசிச் சொல்லுங்கள் என்று அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நைனாவுக்கு ஐம்பத்தேழு முடிய ஆறு வாரம் இருந்தது.

வீட்டில் கலந்து பேசவில்லை. பஸ் ஏறி முதுகுக்காரரிடம் போனேன். அவர் சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"கட்டுப் போட்ட காலுக்கு லீவு குடுப்பான். இல்லாத காலுக்குத்தான் அன்ஃபிட் குடுப்பான். அப்பால உன் இஷ்டம்."

திரும்பி வரும் வழியெல்லாம் நான் யோசித்ததாக எழுதினால் அது பொய். யோசிக்கவில்லை. தண்டையார்பேட்டைப் பெண்ணின் முகம்தான் நினைவில் இருந்தது. வார்டுக்குள் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு நைனாவின் காதருகே உட்கார்ந்தேன்.

"டாக்டரம்மா சொல்லிட்டாங்க நைனா. காலு நிக்காதாம். வுட்டா மேல ஏறிடுமாம். எடுத்துட்டா உயிருக்கு ஒண்ணும் இல்லியாம்."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபமோ பயமோ இருந்த மாதிரி தெரியவில்லை. சந்தையில் தொலைந்துபோன பிள்ளையைக் கண்டுபிடித்தவர் பார்க்கிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் போர்வைக்குள் இடது காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வெட்டச் சொல்லு" என்றார்.

டாக்டரம்மா அவரையும் ஒருமுறை நேராகக் கேட்டாள். "என் இஷ்டந்தாம்மா. வெட்டிடு" என்று அவளிடமும் சொன்னார். அவர் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். வியாழக்கிழமை எடுத்துவிட்டார்கள். எடுத்த காலை என்ன செய்வார்கள் என்று அம்மா ஒரு ஆயாவிடம் கேட்டுவிட்டு வந்து அழுதாள். நான் அன்றைக்கே கம்பெனிக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தேன்.

மூன்று டாக்டர்கள் முன்னால் நைனாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிப்போனேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அதே பெரியவர் நைனாவின் மடித்த வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஐம்பத்தேழு முடிய ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. தெருவே திரண்டு வந்தது. அம்மா லட்டு கொடுத்தாள். "ஜெயிச்சிட்ட மாமு" என்று முதுகுக்காரர் நைனாவின் தோளைத் தட்டினார். நைனாவுக்கும் ஒரு லட்டு கொடுக்கப் போனார் யாரோ. இப்போது சாப்பிடக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று நான் தடுத்தேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

வேலை கிடைத்தது. கல்யாணம் நடந்தது. மேடைக்கு நைனாவை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து உட்காரவைத்தார்கள். கட்டைக்கால் வைக்கலாம் என்றார்கள், அது புண்ணாக்குகிறது என்று அவர் போடவில்லை. ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்ப்பார். மாத்திரையை அவரே வேளைக்கு எடுத்துப் போட்டுக்கொள்வார். பீடியை விட்டுவிட்டார். அன்றைய தினத்தைப் பற்றி நாங்கள் யாரும் பேசியதில்லை. பாவம், கால் போய்விட்டது, பிள்ளைக்காவது வேலை ஆயிற்று என்றுதான் ஊரில் பேச்சு. நானும் அப்படியே பேசப் பழகிவிட்டேன். கொஞ்ச நாளில் அதை நம்பவும் ஆரம்பித்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு மே மாதம். உலைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்திருந்தேன். சூப்பர்வைசர் எல்லோர் எதிரிலும் திட்டியிருந்தான். வந்ததும் ஷூவைக் கழற்றி மூலையில் வீசினேன். "நாய்ப் பொழப்பு. மனுசன் பாப்பானா இந்த வேலைய? நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு ஆட்டோ ஓட்டப் போறேன்" என்றேன். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி உள்ளே குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள்.

நைனா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"எழுதிக் குடுத்துட்றா. புடிக்கலன்னா இன்னாத்துக்குப் போற?" என்றார். ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னார். "நல்ல சான்ஸ் கீதுன்னுச்சு அந்த டாக்டரம்மா. ஒரு மாசம் பொறு, வேற கொழாய் வெக்கறேன்னுச்சு. நான் அன்னிக்குத் தூங்கல."

"இன்னா டாக்டரம்மா? இன்னா கொழாய்?" என்றாள் அம்மா, முறத்திலிருந்து தலையைத் தூக்கி.

"ஒண்ணியும் இல்ல. அரிசியப் பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி சத்தத்தைக் கூட்டினார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய், மூலையில் கிடந்த ஷூவை எடுத்து ஜோடியாக வாசலில் வைத்தேன். மறுநாள் காலை ஷிஃப்டுக்கு ஐந்தரை மணிக்கே கிளம்பிவிட்டேன்.